கைத்தொலைபேசியைப் புதுப்பித்த பின்: செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும்

இடம்பெயர்ந்தோடிய நாட்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பையைக் கையோடு கொண்டு திரிந்ததை எமது வாசகர்கள் நன்கறிவர். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பங்கீட்டு அட்டை, திருமணப் படம் ஆகியன அந்தப் பொலித்தீன் பைக்குள் இருந்தன. வீடும் வயலும் மாடும் போன பின்னர் பலருக்கு எஞ்சியது அந்தப் பை மட்டுமே. இன்று அந்தப் பையின் இடத்தைப் பல குடும்பங்களில் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டுள்ளது. காணி உறுதியின் படம் அதற்குள் இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் இரகசிய எண் அதற்குத்தான் வருகிறது. கடல் கடந்து வாழும் பிள்ளையின் குரலும் முகமும் அதன் வழியாகவே வருகின்றன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, உழவு இயந்திரத்துக்கு டீசல் எடுக்கவும் போனில் இருந்த கியூ.ஆர். குறியீட்டையே பலர் காட்டினர். காணாமற்போன மகனின் ஒரேயொரு படத்தைப் போனில் மட்டுமே வைத்திருக்கும் தாய்மாரும் எம்மிடையே உள்ளனர்.

ஆகவே போன் பழுதாகும்போது ஒரு கருவி மட்டும் பழுதாவதில்லை. கிராமங்களுக்குச் செல்லும்போது அண்மைக் காலமாக நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது: "பாதர், அப்டேற் செய்யச் சொல்லிக் கேட்டது. செய்தோம். அதுக்குப் பிறகு போன் சரியில்லை." இவ்வாறான வேளைகளில் எமது மக்கள் பதற்றமடைந்து, கையில் இருக்கும் பணத்தையும் கொடுத்து, போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகின்றனர். பெரும்பாலான குறைகளை வீட்டிலிருந்தே, செலவின்றி, எதையும் இழக்காமல் தீர்க்க முடியும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுப்பித்தல் என்றால் என்ன?

ஒவ்வொரு ஸ்மார்ட் போனுக்குள்ளும் அதனை இயக்கும் அடிப்படை மென்பொருள் ஒன்று உண்டு. இதனை இயங்குதளம் என்பர். எமது மக்களிடம் இருக்கும் போன்களில் மிகப் பெரும்பாலானவை கூகிள் நிறுவனத்தின் அன்ட்ரொயிட் எனும் இயங்குதளத்தில் இயங்குபவை. ஐபோன்களில் இருப்பது அப்பிள் நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். ஆகும். இந்த மென்பொருளில் குறைகள் கண்டறியப்படும்போது நிறுவனங்கள் திருத்தங்களை அனுப்புகின்றன. அதுவே "அப்டேற்" எனப்படுகிறது.

இதில் இரு வகை உண்டு. ஒன்று, பாதுகாப்புத் திருத்தம். இது சிறியது, அடிக்கடி வருவது. மற்றையது, பதிப்பு மாற்றம். அன்ட்ரொயிட் 13 இலிருந்து 14 க்கு மாறுவது போன்றது. இது பெரியது, போனின் தோற்றத்தையே மாற்றிவிடக்கூடியது. சிறிய திருத்தத்தை வேலியில் விழுந்த பொட்டை அடைப்பதற்கும், பெரிய மாற்றத்தை வீட்டுக் கூரையைப் பிரித்து மேய்வதற்கும் ஒப்பிடலாம். கூரை மேய்ந்த பின் நாலு நாளைக்கு வீடு ஒழுங்கின்றிக் கிடப்பது வழக்கந்தானே.

பொட்டை அடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2017 மே 12 அன்று "வனாக்ரை" எனும் நச்சுநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்டது. பிரித்தானியாவில் அரச வைத்தியசாலைகளே பாதிக்கப்பட்டு, நோயாளர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்தப் பொட்டை அடைப்பதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதிருந்த கணினிகளே பெரிதும் அகப்பட்டன. கணினிக்குப் பொருந்துவது போனுக்கும் பொருந்தும்.

குறை எப்போதும் உங்களுடையதன்று

போன் பழுதானதும் "என்ரை கை பட்டதாலைதான்" என்று தம்மையே நொந்துகொள்பவர்கள் பலர். முக்கியமாகப் பெண்கள், பிள்ளைகளின் ஏச்சுக்குப் பயந்து மறைத்தும் விடுகின்றனர். பெரிய நிறுவனங்களும் தவறு விடுகின்றன என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

2014 செப்ரெம்பரில் அப்பிள் நிறுவனம் அனுப்பிய 8.0.1 எனும் புதுப்பிப்பைப் போட்ட ஐபோன் 6 போன்கள் பலவற்றில் சிக்னலே இல்லாமற் போயிற்று. நிறுவனம் ஒரு மணித்தியாலமளவில் அதனை மீளப் பெற்று, அடுத்த நாளே திருத்திய பதிப்பை வெளியிட்டது. பற்றரி நைந்த பழைய ஐபோன்களின் வேகத்தைப் புதுப்பித்தல் மூலம் குறைத்ததை அதே நிறுவனம் 2017 டிசெம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. 2018 ஒக்ரோபரில் இத்தாலி நாட்டின் போட்டி ஒழுங்குமுறை அதிகாரசபை, புதுப்பித்தல்களால் பழைய போன்கள் பாதிக்கப்பட்டமைக்காக அப்பிள் நிறுவனத்துக்கு 10 மில்லியன் யூரோவும் சாம்சங் நிறுவனத்துக்கு 5 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்தது. 2024 ஒக்ரோபரில் சாம்சங்கின் பழைய கலக்சி எஸ்10, நோட் 10 வகைப் போன்கள் சில, அந்நிறுவனத்தின் செயலி ஒன்று தானாகப் புதுப்பிக்கப்பட்டதும் திரும்பத் திரும்ப அணைந்து எழும் நிலைக்கு உள்ளாயின.

பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப் போடுவது பற்றி ஆண்டவர் கூறியதை நாம் அறிவோம். புதிய மென்பொருள் பழைய போனில் சேரும்போதும் சிலவேளை அத்தகைய இழுபறி ஏற்படுகிறது. அதற்காக ஒட்டே போடாமல் விடுவதும் அறிவன்று. எப்போது, எவ்வாறு போடுவது என்பதே கேள்வி.

முதல் இரண்டு நாட்கள்

பெரிய புதுப்பித்தலின் பின்னர் போன் சூடாகும், பற்றரி விரைவில் இறங்கும், திரை மெதுவாக அசையும். இது பெரும்பாலும் பழுதன்று. போன் தன்னிடமுள்ள செயலிகளையும் படங்களையும் புதிய ஒழுங்குக்கு ஏற்ப மீள அடுக்கிக்கொண்டிருக்கிறது. இந்த வேலை ஒரு நாள் அல்லது இரண்டு நாட்களில் முடிந்துவிடும். இரவில் சார்ஜரில் போட்டு, வைஃபை இருந்தால் அதனையும் இணைத்து, போனைச் சும்மா விடுங்கள். இந்த இரண்டு நாட்களுக்குள் கடைக்குக் கொண்டு ஓட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனத்திற் கொள்ளுங்கள். புதுப்பித்து முடிந்ததும் போன் அணைந்து எழும்பும். அவ்வாறு எழும்பும்போது முதன்முறை விரல் அடையாளத்தை ஏற்காது. இரகசிய இலக்கத்தை அல்லது கோட்டு வடிவத்தையே கேட்கும். நாளாந்தம் விரலை வைத்தே திறந்து பழகியவர்கள் அந்த இலக்கத்தை மறந்திருப்பர். "அப்டேற் செய்தாப் பிறகு போன் பூட்டிப் போச்சு" என்று வருவோரில் பலரின் நிலை இதுவே. இலக்கத்தைக் கொடுக்கும் வரை வட்ஸ்அப் செய்திகளும் வந்து சேரமாட்டா.

குறைகளும் பரிகாரங்களும்

இரண்டு நாட்களின் பின்னரும் குறை தீராவிட்டால் பின்வரும் ஒழுங்கில் செயற்படுங்கள். திரையில் தோன்றும் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தால், எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடிய ஒரு பிள்ளையை அருகில் வைத்திருங்கள். போனின் வகைக்கு ஏற்பச் சொற்கள் சிறிது மாறுபடலாம்.

1. போனை அணைத்து எழுப்புதல்: எந்தக் குறைக்கும் முதல் மருந்து இதுவே. திரை உறைந்துபோய் எதற்கும் அசையாவிட்டால், ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் அணைக்கும் பொத்தானையும் சேர்த்து ஏறத்தாழ 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பல அன்ட்ரொயிட் போன்கள் இவ்வாறு தாமாக அணைந்து எழும்பும். இதனால் எதுவும் அழியாது.

2. இடம் உண்டா எனப் பார்த்தல்: செற்றிங்ஸ் உள்ளே ஸ்ரோரேஜ் எனும் பகுதியைத் திறந்தால், எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது என்பது தெரியும். புதிய இயங்குதளம் கூடுதல் இடத்தை எடுக்கும். களஞ்சியம் முட்டி வழிந்தால் நெல்மூடையைப் புரட்ட இடமிருக்குமா? அதுபோலவே போனும் திணறும். வட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்த காணொளிகளை முதலில் அழியுங்கள். சொந்தப் படங்களைத் தொட வேண்டாம்.

3. செயலிகளைப் புதுப்பித்தல்: வங்கிச் செயலி திறக்கவில்லை, வட்ஸ்அப் திறந்தவுடன் மூடுகிறது என்றால், இயங்குதளம் புதிதாகியும் செயலி பழையதாக இருப்பது காரணமாகலாம். பிளே ஸ்ரோர் உள்ளே சென்று அந்தச் செயலியை மட்டும் புதுப்பியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் புதுப்பித்தால் டேற்றா கரைந்து, போட்ட ரீலோட் வீணாகும்.

4. தற்காலிகச் சேமிப்பை நீக்குதல்: ஒரு செயலி மட்டும் தொடர்ந்து குழப்பினால், செற்றிங்ஸ் உள்ளே அப்ஸ் எனும் பகுதியில் அந்தச் செயலியைத் தெரிவுசெய்து, ஸ்ரோரேஜ் எனும் இடத்தில் "கிளியர் கேஷ்" என்பதை அழுத்துங்கள். இங்கே மிகுந்த அவதானம் தேவை. அதன் அருகிலேயே "கிளியர் டேற்றா" அல்லது "கிளியர் ஸ்ரோரேஜ்" என்றும் இருக்கும். முன்னையது பதரை நீக்குவது. பின்னையது நெல்லையே கொட்டிவிடுவது. பிரதி எடுத்து வைக்காத வட்ஸ்அப்பில் அதனை அழுத்தினால், அதுவரை வந்த உரையாடல்கள் போய்விடும்.

5. சிக்னல், டேற்றா இல்லாவிடில்: விமானச் சின்னமுள்ள பொத்தானை ஒருமுறை போட்டு, அரை நிமிடத்தின் பின் எடுத்துவிடுங்கள். சரிவராவிட்டால் போனை அணைத்து, சிம் அட்டையைக் கழற்றித் துடைத்து மீண்டும் போடுங்கள். அதன் பின்னரும் சரிவராவிட்டால், செற்றிங்ஸில் ரீசெற் எனும் பகுதியில் "நெற்வேர்க் செற்றிங்ஸ்" என்பதை மட்டும் மீளமைக்கலாம். வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் அழியும், படங்கள் அழியா.

6. தமிழ் எழுத்து, மணி ஓசை, சின்னங்கள் மாறியிருந்தால்: இவை பழுதல்ல. புதுப்பித்தல் சிலவேளை சில ஒழுங்குகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுசெல்லும். செற்றிங்ஸில் மொழி, விசைப்பலகை எனும் பகுதியில் தமிழை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். மணி ஓசை கேட்காவிட்டால், "தொந்தரவு செய்ய வேண்டாம்" எனும் ஒழுங்கு போடப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

7. எந்தச் செயலி குழப்புகிறது எனத் தெரியாவிடில்: திரையில் "பவர் ஓஃப்" என வரும் சின்னத்தைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், பல போன்களில் "சேஃப் மோட்" எனும் தெரிவு வரும். அதில் எழும்பும் போன், நாம் பின்னர் போட்ட செயலிகளை ஒதுக்கிவைத்துத் தனியே இயங்கும். அப்போது நன்றாக இயங்கினால் குற்றம் நாம் போட்ட ஏதோ ஒரு செயலியில் உள்ளது. போனை வழமைபோல் எழுப்பி, கடைசியாகப் போட்ட செயலிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.

8. பற்றரி வீங்கினால்: போனின் முதுகு புடைத்தாலோ திரை மேலெழுந்தாலோ அது மென்பொருட் குறையன்று. உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். தலையணைக்கடியில் வைக்க வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுத்துப் பற்றரியை மாற்றுங்கள்.

நிறுவனச் சின்னத்தோடு நின்றுவிட்டால்

புதுப்பிக்கும்போது போன் நிறுவனச் சின்னத்தைக் காட்டியபடி 15, 20 நிமிடங்கள் நிற்பதுண்டு. பயந்து இடையில் அணைக்க வேண்டாம். மணித்தியாலக் கணக்கில் அவ்வாறே நின்றால் மட்டும் மேலே முதலாவதாகக் கூறிய முறையில் அணைத்து எழுப்புங்கள். புதிய போன்கள் பலவற்றில் இயங்குதளத்துக்கு இரண்டு அறைகள் உண்டு. புதியது ஓர் அறையில் போடப்படும். அது எழும்ப மறுத்தால் போன் பழைய அறைக்கே திரும்பும். புது விதையை ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்து, பழைய விதைநெல்லைக் கைவசம் வைத்திருக்கும் கமக்காரனின் முன்யோசனை இது. 2016இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 7 பதிப்போடு இம்முறை அறிமுகமானது. எனினும் எல்லாப் போன்களிலும் இது இல்லை.

"ரீசெற்" எனும் அபாயம்

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறோம். எதுவும் சரிவராதபோது கடையில் சொல்லும் கடைசி மருந்து "பாக்டரி ரீசெற்". போனிலுள்ள அனைத்தையும் அழித்து, வாங்கிய நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுவருவதே அது. கடையில் வேலை செய்யும் தம்பிக்கு அது ஐந்து நிமிட வேலை. ஆனால் எமது மக்களுக்கு?

மீள்குடியேறிய கிராமமொன்றில் நாம் அறிந்த ஒரு தாய், புதுப்பித்த பின் உறைந்து நின்ற போனை நகரில் ஒரு கடையில் கொடுத்தார். "உள்ளே இருப்பவை எல்லாம் போய்விடும், பரவாயில்லையா?" என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. திரும்பி வந்த போனில் கணவரின் படம் இல்லை. காணி அனுமதிப்பத்திரத்தின் படமும் இல்லை. அத்தோடு போனும் திறக்கவில்லை. முன்னர் அதில் இருந்த கூகிள் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் அது கேட்டது. அந்தக் கணக்கை வாங்கிய நாளில் வேறொரு கடையில் யாரோ தொடங்கிக் கொடுத்திருந்தார். அது என்னவென்று அத்தாய்க்குத் தெரியாது.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. களவு போன போனைத் திருடன் அழித்து விற்காதிருக்க, 2015 முதல் அன்ட்ரொயிட் போன்களில் இந்தப் பூட்டு வைக்கப்பட்டுள்ளது. நல்ல நோக்கத்துக்கான பூட்டுத்தான். ஆனால் திறப்பு எவரிடம் உள்ளது என்று தெரியாத வீட்டுக்காரரையும் அது வெளியே நிறுத்திவிடுகிறது.

ஆகவே போனைக் கடையில் கொடுக்குமுன் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

அ) சிம் அட்டையையும் மெமரி கார்ட்டையும் கழற்றி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.
ஆ) "என்னைக் கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதைத் துண்டிலும் எழுதுவியுங்கள்.
இ) திரை திறக்குமாயின், படங்களை முதலில் கணினிக்கோ வேறொரு போனுக்கோ மாற்றித் தரும்படி கேளுங்கள்.
ஈ) கூகிள் கணக்கும் கடவுச்சொல்லும் தெரியாமல் ரீசெற் செய்ய ஒருபோதும் உடன்பட வேண்டாம்.

அத்தாயின் காணிப் பத்திரத்துக்கு வழி இருந்தது. பதிவுசெய்யப்பட்ட உறுதியின் உறுதிப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம்; அனுமதிப்பத்திரம் பற்றிய விபரங்களைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். கணவரின் படத்துக்கு அவ்வாறான அலுவலகம் எதுவும் இல்லை. இதனாலேயே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

புதுப்பிக்க முன்

மழைக்கு முன்னர் கூரையைப் பார்ப்பது போல, புதுப்பிக்க முன் செய்ய வேண்டியவை சில உள்ளன.

* முக்கிய படங்களையும் பத்திரங்களையும் வேறோர் இடத்திலும் வையுங்கள். கூகிள் கணக்கொன்றில் 15 ஜி.பி. வரை கட்டணமின்றிச் சேமிக்கலாம். உயிரோடு ஒப்பான படங்களைக் காகிதத்தில் அச்சிட்டும் வையுங்கள். காகிதத்துக்கு அப்டேற் வராது.
* இரகசிய இலக்கம், கூகிள் கணக்கு, கடவுச்சொல் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, பத்திரங்களோடு பூட்டி வையுங்கள்.
* பற்றரி பாதிக்கு மேல் இருக்கட்டும். மின்சாரம் நின்று வரும் வேளையில் தொடங்க வேண்டாம்.
* அறுவடை நாட்களிலும், வங்கியில் பணம் எடுக்க வேண்டிய நாளிலும், வைத்தியசாலைக்குச் செல்லும் நாளிலும் தொடங்க வேண்டாம்.
* சிறிய பாதுகாப்புத் திருத்தத்தைத் தாமதியாமல் போடுங்கள். பெரிய பதிப்பு மாற்றத்தை இரண்டொரு வாரம் பொறுத்துப் போடுங்கள். அதற்குள் குறைகள் வெளிப்பட்டு, திருத்தமும் வந்துவிடக்கூடும். ஒருமுறை போட்டால் பழைய பதிப்புக்குத் திரும்புவது கடினம். திரும்பினாலும் உள்ளவை அழியும்.

மிகப் பழைய போன்களுக்குப் புதுப்பித்தல் வருவதே நின்றுவிடும். 2025 ஜனவரியோடு அன்ட்ரொயிட் 4.4 பதிப்புள்ள போன்களில் வட்ஸ்அப் இயங்குவது நின்றது இதற்கோர் உதாரணம். பாவித்த போன் வாங்குவோர் விலையை மட்டும் பாராது, அதன் அன்ட்ரொயிட் பதிப்பையும் கேட்டறிவது நன்று.

ஏமாற்றுக்காரர் குறித்து

உண்மையான புதுப்பித்தல் செற்றிங்ஸ் உள்ளேதான் வரும். குறுஞ்செய்தியிலோ வட்ஸ்அப்பிலோ "உங்கள் போனைப் புதுப்பிக்க இங்கே அழுத்தவும்" என்று வந்தால் அது பொறி. "உங்கள் போனைத் திருத்தித் தருகிறோம், வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று எவரேனும் அழைத்தால் உடனே துண்டித்துவிடுங்கள். வங்கி இலக்கத்தை வங்கிக்காரர் என்று சொல்பவரிடமும் கூறலாகாது. நிவாரணம், வீட்டுத்திட்டம் என்று சொல்லி எமது மக்களை ஏமாற்றியவர்கள் முன்னரும் வந்தார்கள். இப்போது அவர்கள் வீட்டுப் படலைக்கு வராமலே வருகிறார்கள். அவ்வளவே வேறுபாடு.

கூடிச் செய்வோம்

தனித்தனியே கடைக்கு அலைவதை விட, கிராம மட்டத்தில் கூடிச் செய்வது மேலானது. ஒவ்வொரு மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் இளைஞர் ஒருவரையும் யுவதி ஒருவரையும் இதற்கெனத் தெரிவுசெய்யலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் ஆலய மண்டபத்திலோ, சனசமூக நிலையத்திலோ அவர்கள் அமர்ந்திருக்கட்டும். படங்களைப் பிரதி எடுத்தல், கணக்கையும் கடவுச்சொல்லையும் கொப்பியில் பதிதல், சிம் அட்டை சொந்தப் பெயரில் உள்ளதா எனப் பார்த்தல் ஆகிய மூன்று வேலைகள் போதும். யுவதி ஒருவரும் இருக்க வேண்டும் என்பது காரணத்தோடுதான். பெண்கள் தமது போனை எவரிடமும் நம்பிக் கொடுத்துவிட முடியாது. பிறருடைய போனைத் திறப்பவர் அதில் காண்பதை வெளியே பேசலாகாது என்பதையும் முதல் நாளிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

விவசாயத் திணைக்களத்தின் 1920 எனும் ஆலோசனை இலக்கத்துக்கு அழைக்கச் சாதாரண பொத்தான் போனே போதும். ஆகவே அத்தகைய பழைய போன் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஸ்மார்ட் போன் திருத்தத்தில் இருக்கும் நாட்களில் சிம் அட்டையை அதில் போட்டுக்கொண்டால், வங்கியின் குறுஞ்செய்தியும் உறவினரின் அழைப்பும் தடைப்படமாட்டா.

பெரும்போக வேலைகள் தொடங்கிவிட்டால் எவருக்கும் நேரம் இராது. அதற்கு முன்னர் உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று ஒவ்வொருவரும் போனையும் ஒரு கொப்பியையும் கொண்டுவரட்டும்.